அன்னப் படகில் ஒரு சோதனை ஓட்டம்

ஏரியில் படகு விட்டால் நோய் பரவும் என்று கண்டுபிடித்த மகானை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்க ஒரே ஒரு கேள்விதான்: யாருக்குப் பரவும், மீனுக்கா? அவர் அனுப்பிய உத்தரவை எங்கள் படகுத்துறையின் டிக்கெட் ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். தொற்று அடங்கும்வரை உல்லாசப் படகுச் சவாரி கூடாது. பழுது பார்க்கும் படகைச் சோதனைக்கு மட்டும் ஓட்டலாம். ஒரு படகில் ஒரே வீட்டு ஆட்கள்தான் உட்காரலாம்.

நான் அந்தத் துறையின் மெக்கானிக். பெடல் வைத்த அன்னப் படகுகள் பன்னிரண்டும் என் பொறுப்பு. அக்கா, அத்தான், நான், மூன்று பேரும் ஒரே வீடு. அக்கா மட்டும் பதினாறு நாளாக அக்கரையில், தொற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். வாசலில் யாரையும் விடமாட்டார்கள். ஆனால் தரைத்தளத்தில் அவள் கட்டிலை ஒட்டிய ஜன்னல் ஏரியைப் பார்த்து இருந்தது.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று அத்தான் செய்த காரியம் தெருவுக்கே தெரியும். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வண்டி போன பிறகுதான் வெளியே வந்தார். அதிலிருந்து அக்கா என் போனை எடுப்பாள், அவர் போனை எடுக்கமாட்டாள். எங்கள் இருவரையும் பதினான்கு நாள் வீட்டுக்குள் அடைத்தார்கள். அத்தனை நாளும் அவர் புலம்பலைக் கேட்ட என் காதுக்கு யாராவது விருது தரவேண்டும்.

"அவ திரும்பி வருவாளா மாப்ள?"

"குணமானா வருவா."

"குணமாகி நேரா உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. "பத்து மணிக்கு ஜன்னல்கிட்ட வா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அத்தானை அன்னத்தில் ஏற்றினேன். பொய் சொல்ல மனம் வராமல், நிஜமாகவே சுக்கான் கம்பி தளர்ந்த படகை எடுத்தேன். என்னைப் போல ஒரு மடையன் உலகத்தில் கிடையாது. முக்கால் ஏரி தாண்டியதும் கம்பி அறுந்தது. அத்தானின் பாரத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அன்னம் வட்டமடிக்க ஆரம்பித்தது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதைவிட உல்லாசமான சவாரி இருக்கமுடியாது.

சுகாதார இன்ஸ்பெக்டர் மோட்டார் படகில் பறந்து வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ஜாலியா சுத்துறீங்களா?"

"சோதனை சார். சுக்கான் வேலை செய்யல. பாருங்க, சோதனையிலயே தெரிஞ்சிருச்சு."

அவர் திட்டிக்கொண்டே கயிறு கட்டிப் பக்கத்துக் கரைக்கு இழுத்தார். பக்கத்துக் கரை ஆஸ்பத்திரிக் கரை.

ஜன்னலில் அக்கா நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். அத்தானைப் பார்த்தவள் என்னிடம் கேட்டாள்: "உங்க அத்தான் பாத்ரூம் கதவைத் திறந்துட்டாரா?"

பிறகு நேராகவே ஆரம்பித்தாள். "பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம், வாசல் வரைக்கும் வரத் துப்பில்லையா உங்களுக்கு?" பக்கத்து ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. "ரெஸ்ட் எடுங்கம்மா" என்ற இன்ஸ்பெக்டருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். உல்லாசம் என்று எழுத இங்கே எதுவும் இல்லையென்று புரிந்து மூடிவிட்டார்.

"பயந்துட்டேன்" என்றார் அத்தான்.

அக்காவுக்கு இருமல் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நானும்தான் பயந்தேன். நான் எந்த பாத்ரூம்ல போய் ஒளியறது?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அத்தானைச் சொல்கிறேனே, ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு நான் நின்றது மொட்டை மாடியில். அதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தான் செருப்போடு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் சேற்றில் தடுமாறி ஜன்னலுக்குப் போய், கம்பிக்குள்ளே கையை நீட்டினார்.

"வீட்டுக்கு வந்துரும்மா."

"தள்ளி நில்லுங்க! ஒட்டிக்கும்!"

"ஒட்டட்டும்."

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, "எந்தக் கம்பிப்பா அறுந்தது? நிதானமாக் காட்டு" என்றார். நான் நிதானமாகவே காட்டினேன்.

அக்கா அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். அப்புறம் அதை விடவில்லை.