அருகிலுள்ள ரயில் நிலையம்

எம்.எஸ்ஸி. சேர்க்கை விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில் 'அருகிலுள்ள ரயில் நிலையம்' என்று கேட்டிருந்தது. நேர்முகத் தேர்வுக்கு வந்துபோக அங்கிருந்து பயணப்படி தருவார்களாம். அந்தமானின் போர்ட் பிளேரில் ஜவுளிக்கடை வைத்திருந்த நூர்முகம்மதின் மகள் நசீரா, பள்ளியில் ரயில் கணக்குகளாகப் போட்டுத் தள்ளியவள். ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. எம்.எஸ்ஸி. கணிதம், அதன்பின் ஆராய்ச்சி, பிறகு கல்லூரி வேலை என்று 1971இலேயே திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"அரே, மெட்ராஸ்னு போடு. எல்லாரும் அதத்தான் போடுறாங்க" என்றார் நூர்முகம்மது.

நசீரா அட்லஸை விரித்து, அட்சரேகை தீர்க்கரேகைகளை வைத்துக் கணக்குப் போட்டாள். ரயில் நிலையம் உள்ள ஊர்களில் பர்மாவின் பசீன்தான் பக்கம். மெட்ராஸ் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பசீன் என்றே எழுதினாள்.

"அந்த ஊருக்கு இங்கருந்து கப்பலே கெடையாது."

"பக்கத்துல எதுன்னுதான் வாப்பா கேக்குறாங்க. போக முடியுமான்னு கேக்கலியே."

நூர்முகம்மது தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு கப்பல் வந்து போனபின் மெயின்லேண்டிலிருந்து பதில் வந்தது. பர்மாவிலிருந்து பயணப்படி தர விதியில்லை என்று தட்டச்சில் இருந்தது. கீழே கணிதத்துறைப் பேராசிரியர் பேனாவால் எழுதியிருந்தார்: 'அளந்து பார்த்தேன். சரிதான். உங்களிடம் கேட்க வேறு கேள்வி இல்லை. ஜூலையில் வந்து சேரவும்.'

நூர்முகம்மது அதை இரண்டு முறை படித்தார்.

"இப்படி இன்னொரு ஆளும் இருக்கா" என்றார்.