முன்கதவுக்கு ஒட்டின பிளாஸ்ரிக்

அக்கா வீட்டு ஜன்னலுகளுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டுறது எண்டால் வருசா வருசம் அது என்ரை தலையிலைதான் வந்து விழும். நான் ஜெராட். புவாண்ட்-கிளேரிலை ஒரு வெயர்ஹவுசிலை கிழமை முழுக்கப் பெட்டி தூக்கிறன். ஞாயிறு ஒரு நாளாவது கொஞ்சம் கூட நித்திரை கொள்ளுவம் எண்டு படுத்தால், விடிய வெள்ளனப் போன் அடிக்கும். "தம்பி, குளிர் வந்திட்டுதடா." வந்தால் நான் என்ன செய்ய? மொன்றியலுக்குக் குளிர் வராமல் வேறை எங்கை போய் வரும்? ஆனால் யோசெப்பின் அக்காவோடை உப்பிடியெல்லாம் கதைக்கேலாது. ரேப்பைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

அவையின்ரை வீடு நோத்ர-டாம்-த-கிரேசிலை, மேல்மாடி. முன்னுக்கு றோட்டிலையிருந்து ஒரு இரும்புப் படி, பின்னுக்கு ஒழுங்கையிலையிருந்து குசினிக்கு ஒரு மரப்படி. பழைய வீடு, ஜன்னலடியிலை நிண்டால் காது விறைக்கும். ஒட்டுறது பெரிய வித்தை ஒண்டும் இல்லை. சட்டத்தைச் சுத்தி ரெண்டு பக்கமும் ஒட்டுற ரேப்பை ஒட்டி, பிளாஸ்ரிக் தாளை இழுத்துப் பிடிச்சு, தலைமயிர் காய வைக்கிற மெசினாலை சூடு காட்டவேணும். சுருக்கமெல்லாம் போய்த் தாள் இறுகிவிடும். மெசின் பிடிக்கிறது எப்பவும் றெபேக்கா. அக்காவின்ரை ஒரே பிள்ளை, சின்ன வயசிலையிருந்து அதை வேறை ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டாள். அத்தான் பத்திநாதர் பின்னாலை நிண்டு, "கிட்டப் பிடியாதை, உருகிப்போம்" எண்டு சொல்லுவார். அதைத் தவிர அவருக்கு அங்கை ஒரு வேலையும் இல்லை.

2007இலை மெசின் பிடிக்க ஆளில்லை. ஆவணி மாசம் றெபேக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டாள். அவளோடை படிச்ச பற்றிக் எண்ட கியூபெக் பெடியன் ஒருத்தன் வேர்டனிலை வீடு எடுத்திருந்தான், அவனோடை இருக்கப்போறன் எண்டாள். கலியாணம் எப்ப எண்டு அக்கா கேட்டதுக்கு, "அது பேந்து பாப்பம் அம்மா" எண்டாள். அத்தானுக்கு எப்பிடி இருக்கும்? மாதா கோயில் பூசையிலை காணிக்கைத் தட்டம் கொண்டு போற மனிசன். முன்கதவடியிலை நிண்டுகொண்டு, "இந்தப் படியாலை இறங்கினியெண்டால் பிறகு இந்த முன்வாசல் மிதிக்கப்படாது" எண்டு கத்தினார். அவளும் அவரின்ரை மகள்தானே. தன்ரை வீட்டுத் திறப்பைச் சப்பாத்துத் தட்டிலை வைச்சிட்டு இறங்கிப் போட்டாள்.

அதுக்குப் பிறகு அப்பனும் மகளும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அத்தான் டவுன்டவுனிலை ஒரு றெஸ்ரோறன்ற் குசினியிலை வேலை. வருவார், சாப்பிடுவார், படுப்பார். கோயிலிலை ஆரும் "மகள் எப்பிடி?" எண்டு கேட்டால், "இருக்கிறா" எண்டு மட்டும் சொல்லுவார். எனக்கெண்டால் அந்த மனிசனிலை நல்ல ஆத்திரம். நேரிலையே கேட்டனான், "வாயாலை சொன்னதை வாயாலை திருப்பி எடுக்க ஏலாதோ?" எண்டு. "சொன்னது சொன்னதுதான்" எண்டார். கோதாரி பிடிச்ச ரோசம்.

மார்கழி துவங்க ஒட்டப் போனன். நானே தாளைப் பிடிச்சு, நானே மெசினையும் பிடிச்சு, ஒரு மாதிரி எல்லா ஜன்னலையும் முடிச்சன். அத்தான் வழக்கம்போலைப் பின்னாலை நிண்டார், ஆனால் ஒண்டும் சொல்லேல்லை. அப்பாடா எண்டு தேத்தண்ணியைக் கையிலை எடுக்க, "முன்கதவுக்கும் ஒட்டிவிடு" எண்டார்.

"கதவுக்கோ?"

"ஓம். சரியாக் காத்து வருது. நாங்கள் பின்னாலை போய் வரலாம்தானே."

அக்கா அகப்பையும் கையுமாக் குசினியிலையிருந்து வந்தா. "உங்களுக்கென்ன விசரோ? கதவை ஒட்டினால், நாளைக்குப் பிள்ளை வந்தால் எங்காலை வாறது?"

அத்தான் அவவின்ரை முகத்தைப் பாக்கேல்லை. ரேப் உருளையைக் கைக்குள்ளை வைச்சு உருட்டிக்கொண்டு, "சொந்தப் பிள்ளை என்னத்துக்கு முன்னாலை வரவேணும்? பெல் அடிச்சு வர அது என்ன விருந்தாளியோ? குசினியாலை வரட்டும்" எண்டார்.

அக்கா திரும்பிப் போய்ச் சட்டி கழுவத் துவங்கினா, முகத்திலை சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கினது. எங்கடை ஆக்களின்ரை பழக்கம் அது, ஊரிலை குருநகரிலையும் அப்பிடித்தான், இஞ்சையும் அப்பிடித்தான். முன்வாசலாலை வாறது சுவாமியார், தபால்காரன், கலியாணம் பேச வாற ஆக்கள். சொந்தம் எண்டால் ஒழுங்கையாலை வந்து, சட்டியைத் திறந்து பாத்துப்போட்டுத்தான் சுகம் விசாரிக்கும். மனிசன் முன்வாசல் மிதிக்கப்படாது எண்டுதானே சொன்னவர். முன்வாசலையே மூடிவிட்டால் சொன்ன சொல்லும் நிக்கும், பிள்ளையும் வீட்டுக்கை வந்திடும். அட கள்ள மனிசா எண்டு நினைச்சுக்கொண்டு, கதவுக்கு மேலை கீழை எல்லாம் இழுத்து ஒட்டி, சுத்திவர வெள்ளி ரேப்பும் அடிச்சுவிட்டன். கதவுக்கு நடுவிலை பெரிய கண்ணாடி, வெளியிலை நிண்டு பாத்தால் எல்லாம் வடிவாத் தெரியும்.

இதை றெபேக்காவுக்கும் ஒருக்காச் சொல்லவேணும் எண்டு எங்கள் மூண்டு பேரிலை ஒருத்தருக்கும் தோணேல்லை.

பிறகு அக்கா அவளுக்குப் போன் எடுத்தா. "ஞாயிறு பின்னேரம் சாப்பிட வாவன் பிள்ளை." "அப்பா என்ன சொல்லுறார்?" எண்டு கேட்டாளாம். "அவரும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்" எண்டு அக்கா சொன்னா. பேந்து, "சரி அம்மா, வாறன்" எண்டாளாம்.

அந்த ஞாயிறு பாத்துக் கொட்டினதே ஒரு ஸ்னோ! பூசைக்குப் பாதிச் சனமும் வரேல்லை. அத்தான் ஸ்னோ அள்ளுற சவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்படியை வழிச்சார், உப்புப் போட்டார், உள்ளை வந்து கையைச் சூடாக்கினார், திரும்பவும் போய் வழிச்சார். ஒழுங்கை மட்டும் பாதை வெட்டிவிட்டார். முன்படிப் பக்கம் ஒருத்தரும் எட்டியும் பாக்கேல்லை. அக்கா புட்டு அவிச்சு இறால் பொரிச்சிருந்தா, றெபேக்காவுக்கு அது எண்டால் உயிர். அத்தான் நல்ல சேட்டு ஒண்டைப் போட்டுக்கொண்டு, பின்கதவைப் பாத்தபடி குசினி மேசையிலை இருந்தார். சும்மா கதைக்க ஒரு ஆள் வேணும் எண்டு என்னையும் கூப்பிட்டு வைச்சிருந்தவை. கதைச்சது முழுக்க நான்தான்.

நாலு மணி போட்டுது, அஞ்சும் போட்டுது. இருட்டிப்போச்சு, புட்டும் ஆறிப்போச்சு. அக்கா போன் எடுக்க அவள் எடுக்கேல்லை. "இந்த ஸ்னோவுக்கை பஸ் ஓடவேணுமே" எண்டு நான் சமாளிச்சன். அத்தான் எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஒழுங்கையைப் பாத்தார்.

"அவள் வரமாட்டாள்" எண்டார். "என்னட்டை அவள் வரமாட்டாள்."

கோவமாச் சொல்லேல்லை. அந்த மனிசனிலை நான் எவ்வளவு ஆத்திரமா இருந்தனோ, அந்த நேரம் அவ்வளவு பாவமாக் கிடந்தது.

இனி இருந்து பிரயோசனமில்லை எண்டு நானும் வெளிக்கிட்டன். என்ரை வான் வண்டி முன்றோட்டிலை ஸ்னோவுக்கை புதைஞ்சு போய் நிண்டது. அத்தான் தோண்டித் தாறன் எண்டு சவளோடை வந்தார். ஒழுங்கையாலை சுத்தி முன்பக்கம் வந்தம். ஸ்னோ விட்டிருந்தது. வானை நோக்கிப் போன நான் அப்பிடியே நிண்டிட்டன்.

முன்படியிலை காலடி. சின்னப் பூட்ஸ் அடையாளம். றோட்டிலையிருந்து படியாலை ஏறி, மேலை கதவடியிலை கன நேரம் நிண்ட மாதிரி எல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. பிறகு அதே படியாலை இறங்கி, பஸ் நிக்கிற பக்கம் போகுது. ஞாயிற்றுக்கிழமை தபால்காரன் வாறதில்லை.

"அத்தான், உதைப் பாருங்கோ" எண்டன்.

அவர் காலடியைப் பாத்தார். பிறகு நிமிர்ந்து கதவைப் பாத்தார். றோட்டு லைற் வெளிச்சத்திலை கண்ணாடிக்குப் பின்னாலை பிளாஸ்ரிக் மினுங்குது, சுத்திவர வெள்ளி ரேப், உள்ளை ஒரு லைற்றும் இல்லை. முன்வாசல் மிதிக்கப்படாது எண்டு சொன்ன தேப்பன் கதவையே மூடி ஒட்டி வைச்சிருந்தால் பிள்ளை என்னத்தை நினைப்பாள்? பெல்லை அமத்தியிருந்தால் எங்களுக்குக் கேட்டிருக்கும். அவள் அமத்தக்கூட இல்லை.

"ஐயோ, நான் என்ன வேலை பாத்துப்போட்டன்" எண்டார். அப்பிடியே கீழ்ப்படியிலை, ஸ்னோவுக்கு மேலையே இருந்திட்டார். இருந்து அழுதார்.

"இதிலை இருந்து அழுது என்ன காணப்போறியள்? எழும்புங்கோ. வேர்டனுக்குப் போவம்."

அக்காவிட்டைச் சொல்ல, அவ ஒருத்தரையும் ஏசேல்லை. புட்டையும் இறாலையும் சூடாக்கிப் பெட்டியிலை போட்டுத் தந்தா. "நீயும் வாவன் யோசெப்பின்" எண்டு அத்தான் கெஞ்சினார்.

"நான் வரேல்லை. நான் வந்தால் நீங்கள் எனக்குப் பின்னாலை ஒளிப்பியள். போய் உங்கடை வாயாலை கதையுங்கோ."

வான் வழுக்கி வழுக்கிப் போச்சு. அத்தான் பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு, "என்னடா சொல்லுறது?" எண்டு கேட்டார். எனக்கென்ன தெரியும் எண்டன்.

றெபேக்காவின்ரை வீடும் மேல்மாடிதான், ஒரு மூலை வீடு. முன்படியிலை ஒருத்தரும் ஸ்னோ அள்ளேல்லை. அத்தான் கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறிப் போய்ப் பெல்லை அமத்தினார். கதவு திறக்கேல்லை. திரும்பவும் அமத்தினார், தட்டினார். பிறகு இறங்கி வந்து றோட்டிலை நிண்டு மேலை பாத்தார். ஜன்னலிலை றெபேக்கா நிக்கிறாள். அதுக்கும் பிளாஸ்ரிக் ஒட்டிக் கிடந்தது, திறக்க வழியில்லை. வாய் அசையுது, ஒரு சத்தமும் வெளியிலை வரேல்லை. கையை மட்டும் அங்காலை, அங்காலை எண்டு வீசிக் காட்டுறாள்.

"போகச் சொல்லுறாள்" எண்டார் அத்தான். "அவள் சொல்லுறதும் சரிதான்."

பெட்டியைப் படியிலை வைச்சிட்டு வானுக்குத் திரும்பினார். நான் மேலை பாத்தன், ஜன்னலிலையும் ஆள் இல்லை. எனக்கும் மனம் விட்டுப்போச்சு.

அப்பத்தான் ஒழுங்கைப் பக்கத்தாலை ஆரோ ஓடி வாற சத்தம். றெபேக்கா. கோட்டும் இல்லை, காலிலை ஆம்பிளையளின்ரை பெரிய பூட்ஸ்.

"அப்பா! எங்கை போறியள்? பின்னாலை வாங்கோ, பின்னாலை வாங்கோ எண்டு கையைக் காட்டுறன், நீங்கள் பாட்டுக்குப் போறியள்! முன்கதவு ஐஸ் பிடிச்சுத் திறக்குதில்லை."

"பின்னாலையோ?" எண்டார் அத்தான்.

"பின்னையென்ன, நீங்கள் விருந்தாளியே?"

அத்தான் அவளுக்குக் கிட்ட வந்தார். "பின்னேரம் வந்தனியோ பிள்ளை?" எண்டு கேட்டார்.

"வந்தனான். கதவை ஒட்டி வைச்சிருந்தியள்."

"பின்கதவு திறந்துதானே கிடந்தது. படியெல்லாம் வழிச்சு, உப்புப் போட்டு..."

"எனக்கு எப்பிடி அப்பா தெரியும்? கோவிச்சுக்கொண்டு முன்னாலை போனவள், ஒண்டும் நடக்காத மாதிரிக் குசினியாலை வாறதோ? நீங்கள் திறக்கிறியளோ இல்லையோ எண்டு பாக்கத்தானே நான் முன்னாலை வந்தனான்." சொல்லிக்கொண்டு அழத் துவங்கினாள், குளிரிலை பல்லும் அடிக்குது. அத்தான் தன்ரை கோட்டைக் கழட்டி அவளுக்குப் போட்டுவிட்டார். நான் புட்டுப் பெட்டியைத் தூக்கினன். குசினியாலைதான் ஏறினம்.

உள்ளை பற்றிக் பயந்துபோய் நிண்டான். "பொன்சுவார், மிஸ்யூ" எண்டு பிரெஞ்சிலை வணக்கம் சொன்னான். நல்ல நெடுவல் பெடியன், கையை எங்கை வைக்கிறது எண்டு அவனுக்குத் தெரியேல்லை. அத்தானும் பொன்சுவார் சொன்னார். அத்தான் ஜன்னலைப் பாத்தார். பிளாஸ்ரிக் முழுக்கச் சுருக்கம், ஒரு மூலை கழண்டு தொங்குது.

"உது ஆர் ஒட்டினது?"

"பற்றிக் அப்பா."

"உப்பிடியே ஒட்டுறது? மெசினைக் கொண்டு வா."

றெபேக்கா மெசினைக் கொண்டு வந்தாள். அத்தான் தாளை இழுத்துப் பிடிக்க, அவள் சூடு காட்டினாள். "கிட்டப் பிடியாதை, உருகிப்போம்" எண்டார். "தெரியும் அப்பா" எண்டாள். பற்றிக்கை நான் மற்றப் பக்கம் பிடிக்க விட்டன், சும்மா நிண்டு என்ன செய்யிறான்?

வெளிக்கிடேக்கை அத்தான் பின்கதவடியிலை நிண்டு தொண்டையைச் செருமினார். "அடுத்த ஞாயிறு சாப்பிட வா. இவனையும் கூட்டிக்கொண்டு வா." படியிலை காலை வைச்சபடி, "முன்வாசலாலை வாங்கோ" எண்டார்.

அடுத்த ஞாயிறு நான் போகேக்கை முன்கதவிலை பிளாஸ்ரிக் இல்லை. அண்டைக்கு நாங்கள் வான் எடுத்த கையோடையே அக்கா பிய்ச்செறிஞ்சிட்டாவாம். கதவிடுக்காலை காத்து விசிலடிச்சுக்கொண்டு வருது. அத்தான் கோட்டும் போட்டு, கம்பளித் தொப்பியும் போட்டு, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருக்கிறார். சொந்த வீட்டுக்குள்ளை!

"குளிருக்கை ஏன் இருக்கிறியள், உள்ளை வாங்கோவன்" எண்டன்.

"நீ உன்ரை வேலையைப் பார்" எண்டார்.

கொஞ்ச நேரத்திலை இரும்புப் படியிலை ரெண்டு பேர் ஏறி வாற சத்தம் கேட்டது. அத்தான் எழும்பித் தொப்பியைக் கழட்டி, தலையை ஒருக்காத் தடவினார். அவள் பெல்லை அமத்த முதல் கதவைத் திறந்துபோட்டார்.