ஒருநாள் விட்டு ஒருநாள்

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டாள். பதினாலு வயதில் ஒரே மகள். விரலுக்கேற்ற வீக்கமாகத்தான் வாழ்ந்தார்கள். ஒரே ஒரு தடவைதான் ஆசைப்பட்டார்கள். வங்கியில் தனிநபர் கடன் வாங்கி இரண்டு ஜெராக்ஸ் மெஷின் போட்டுக் கடை திறந்தார்கள். எதிரே இருந்த கல்லூரி ஊரின் இன்னொரு கோடிக்கு மாறிப்போயிற்று. எட்டாவது மாதம் கடையை மூடி, வந்த விலைக்கு மெஷின்களைத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது அறுபது மாதத் தவணைக் கடனில் பாக்கி.

"யாருகிட்டயும் போய் நிக்க வேணாங்க. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி நாமளே அடைச்சிடுவோம்," என்றாள் அவள்.

சொன்னபடி செய்தாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழித்தாள். தேய்ந்த சோப்புத் துண்டைப் புது சோப்பின் முதுகில் ஒட்டினாள். நடுவில் நைந்த போர்வையை இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைத்தாள். ஃபிரிட்ஜை விற்றாள். சந்தை மூடும் நேரமாகப் பார்த்துப் போய், மிஞ்சின காய்களை வாங்கிவந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போட்டுவிட்டு, வீட்டுக்கு நாலு நிறுத்தம் நடந்தே வந்தாள்.

அவரும் சளைத்தவரில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதி வைத்து ராத்திரிக்குக் கொண்டுவந்தார். டீயை யாருடனாவது பங்குபோட்டுக் குடித்ததில், டெப்போவில் அவர் பெயரே 'அரை டீ' ஆகிவிட்டது. "அரை டீ வர்றாரு, மீதி அரையை ஒளிச்சு வைங்கப்பா," என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் தேதி போன பிறகுதான், அப்படி ஒன்று இருந்ததே அம்மாவுக்குத் தெரிந்தது. "எனக்கு பஸ்ல போனா வாந்தி வரும்மா," என்றாள். பஸ் ஓட்டுகிறவர் மகளுக்கு அப்படி எந்த வாந்தியும் வந்ததில்லை.

இப்படியே நாற்பத்தொன்றாவது தவணை வரை போயிற்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஒரு காலையில், ஓரமாக நின்ற காரின் கண்ணாடியை அவர் பேருந்து இடித்துக்கொண்டு போயிற்று. இருபது வருஷத்தில் முதல் தடவை. அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. இடது பக்கம் சைக்கிளில் வந்த பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. பயணிகள் கத்தியதால் பிரேக் போட்டார். அவளுக்கு முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று.

டெப்போ மேலாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கண் டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க," என்றார்.

மனைவியும் லீவு போட்டுக் கூடப் போனாள். டாக்டரம்மா அவர் கண்களைப் பார்த்துவிட்டு, பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். அப்படி ஒரு சீட்டு இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"ரெண்டு வருஷம் முன்னாடியே கண் அழுத்தம்னு சொல்லி மருந்து குடுத்திருக்காங்களே. தினமும் போட்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "போட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள்."

"ஏன்?"

"ஒரு பாட்டில் ஒரு மாசந்தான் வந்துச்சு. இப்படிப் போட்டா ரெண்டு மாசம் வந்துச்சு. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை."

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு தாளில் வட்டம் வரைந்து, ஓரங்களைப் பேனாவால் கறுப்பாக்கி, நடுவில் சின்னதாக வெள்ளை விட்டுக் காட்டினார். "இப்ப உங்களுக்கு இவ்வளவுதான் தெரியுது. போன பார்வை திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். இனிமே மருந்து ரெண்டு விதம், ஒருநாள்கூட விடக்கூடாது. வண்டி ஓட்டவே கூடாது."

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"கண்ணு வறட்சிக்குப் போடற மருந்துன்னுதானே சொன்னீங்க," என்றாள் அவள்.

"உண்மையைச் சொன்னா நீ மத்தியானம் சாப்பிடாம இருந்து வாங்கிக் குடுத்திருப்ப."

"வாங்கிக் குடுத்திருப்பேன்தான்."

"அதான் சொல்லல." அவர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். "கடைசி வரி வரைக்கும் இங்கிருந்தே படிக்கிறேன் பாரு. எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. வலி இருந்திருந்தா வாங்கியிருப்பேன்மா. வலிக்கவே இல்ல."

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால், பற்பசையைப் பிளந்த கை தன்னுடையது. ஒவ்வொரு மாதமும் தவணை கட்டி வந்ததும் 'கெட்டிக்காரரு நீங்க' என்று அவரைத் தட்டிக்கொடுத்த வாயும் தன்னுடையதுதான். அந்த வார்த்தைக்காகவும் அவர் இதைச் செய்திருப்பார் என்று தோன்றியது.

டெப்போவில் இரக்கப்பட்டு, வண்டி கழுவுகிற பிரிவில் வேலை கொடுத்தார்கள். சம்பளம் பாதிக்கும் கொஞ்சம் கீழே. அங்கே யாரும் அவரை 'அரை டீ' என்று கூப்பிடவில்லை. பழைய சிநேகிதர்கள் முழு டீயாகவே வாங்கிக் கொடுத்தார்கள். அது அவருக்கு இறங்கவில்லை.

அடுத்த தவணை கட்ட முடியவில்லை. அதற்கடுத்ததும். மூன்றாவது மாதம் இருவரும் வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவில் இருந்த இளம் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாற்பத்தொரு மாசம் ஒரு நாள்கூடத் தள்ளல. இந்த மாதிரி கஸ்டமர் கிடைக்கறது கஷ்டம் சார்." அதனால் ஒரு சலுகை என்றார். மாதத் தவணையைக் குறைத்து, பாக்கியிருந்த பத்தொன்பதை ஐம்பத்திரண்டாக நீட்டித் தருவார்களாம். மொத்தத்தில் வட்டி எவ்வளவு கூடும் என்று அவள் கேட்டாள். அதிகாரி ஒரு தொகையைச் சொன்னார். காட்டிய இடங்களில் எல்லாம் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும்போது நடந்தே வந்தார்கள். நடைபாதையில் கூட்டம். எதிரே வந்த ஒருவர் தோளில் அவர் இடித்துவிட்டு, "மன்னிச்சிடுங்க," என்றார், அந்த ஆள் தாண்டிப் போய்விட்டதுகூடத் தெரியாமல். அவள் இடது பக்கம் மாறிவந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, தெரியுது," என்றார்.

அவள் விடவில்லை. "சம்பளம் வந்ததும் முதல்ல மருந்து வாங்கிடணும்."

"அப்ப தவணை?"

அவள் வாடகை, மருந்து, மகளின் பள்ளிக் கட்டணம், தவணை என்று நடந்துகொண்டே மனசுக்குள் கூட்டினாள். அரிசியைக் குறைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரிக்குப் போவதாக வைத்துப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் இடித்தது. நாலாவது நிறுத்தம் வந்ததும், மறுபடி முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.