நாற்பது மில்லிமீட்டர்

தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும் நிரஞ்சனாவின் வாழ்க்கையில் சைக்கிள் வந்து சேர்ந்தது அவள் கணவன் அபிஜித்தின் சர்க்கரையால்தான். உரக்கடை கல்லாவில் உட்கார்ந்தே இருந்த மனுஷனை உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது அலுப்பு என்று சைக்கிள் வாங்கினான். தனியாகப் போவதும் அலுப்பு என்று அவளுக்கும் ஒன்று வாங்கினான். தார் ரோட்டிலும் ஓடும், கிராவல் பாதையிலும் ஓடும் என்று கடைக்காரர் சொன்ன வகை.

ஆறு மாதத்தில் அவனைவிட அவளுக்குத்தான் அந்தப் பித்து பிடித்தது. ஞாயிறு விடிந்ததும் செவிலிமேட்டு வீட்டிலிருந்து கிளம்பி, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் தாண்டித் திருமுக்கூடல் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். கூட ஒரு சின்னக் கோஷ்டி. கார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெபகுமார், நிரஞ்சனாவின் பள்ளியிலேயே வேதியியல் டீச்சரான அம்சா, இன்னும் இரண்டு மூன்று பேர். போகும்போது மெயின் ரோடு. வரும்போது கல் லாரிகளுக்குப் பயந்து ஏரிக்கரை வழியாகச் செம்மண்ணிலும் கிராவலிலும் வருவார்கள்.

அந்த வழியில் கருவேல முள் தொல்லை. வாரம் தவறாமல் யாருக்காவது பஞ்சர். எல்லோரும் கரையில் உட்கார்ந்து டியூப் மாற்றி, வெயில் ஏறிய பிறகு வீடு வந்து சேர்வார்கள். கடைசியில் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிடலாம் என்று கோஷ்டியே முடிவு செய்தது. உள்ளே ஊற்றுகிற பால் மாதிரியான மருந்து, முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும்.

எந்த டயர் என்பதை நிரஞ்சனா உட்கார்ந்து படித்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மேசையிலேயே, திருத்தி முடித்த பிறகு, மைசூரில் ஓட்டுகிறவர், புனேயில் ஓட்டுகிறவர் எழுதியதையெல்லாம் தேடிப் பார்த்தாள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தாள். நாற்பது மில்லிமீட்டர் அகலம், நடுவில் வழவழப்பு, ஓரங்களில் சின்னச் சின்ன ரப்பர்க் கொட்டைகள். தாரில் நடுப்பகுதி இழுக்காமல் ஓடும், வளைவில் ஓரம் மண்ணைப் பிடிக்கும். இதுதான் நமக்கு என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது. சாப்பிடும்போது அவனிடம் சொன்னாள்.

"கல்லு கணக்கா காத்தடிச்சா, குண்டும் குழியுமான ரோட்ல டயர் குதிக்குதுங்க. குதிக்கிற நேரமெல்லாம் வேஸ்டு. அகலமா, காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா ரோட்டு மேலயே ஒட்டிக்கினு போவும்."

அபிஜித் சிரித்தான். ஒல்லி டயரில் ரேஸ் ஓட்டுகிறவனெல்லாம் முட்டாளா என்று கேட்டான். நாம் போவதில் முக்கால்வாசி தார் ரோடுதானே, நாற்பதைப் போட்டால் டிராக்டர் மாதிரி இருக்கும் என்றான். இன்னும் நாள் இருக்கிறது, மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது இரண்டு சைக்கிளிலும் புது டயர் மாட்டியிருந்தது. முப்பது மில்லிமீட்டர், ஒரு கோடுகூட இல்லாத வழவழப்பு. முக்குக் கடையின் கம்ப்ரசரில் வைத்துக் காற்றை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள், அமுங்கவில்லை. ரெண்டு செட்டா வாங்கினேன், நீ அலைய வேண்டாம் பாரு என்றான். முகத்தில் பரிசு கொடுத்தவனின் சந்தோஷம். அதைப் பார்த்து அவளும் நல்லாயிருக்குது என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு தன் மேலேயே எரிச்சல் வந்தது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ஞாயிறு ஏரிக்கரையில் யாரோ புதிதாக ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள். அபிஜித்தும் ஜெபகுமாரும் முன்னால் போய்விட்டார்கள். வளைவில் நிரஞ்சனாவின் முன் சக்கரம் உருளும் கற்களின் மேல் ஏறியது. பிறகு அது அவள் சொன்னபடி கேட்கவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போயிற்று. விழும்போது வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டுக்குள் ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது.

பின்னால் வந்த அம்சா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். திரும்பி வந்த அபிஜித் பயந்துதான் போயிருந்தான், பொய் சொல்லக்கூடாது. முகம் வெளுத்திருந்தது. அவனே ஆட்டோவுக்கு ஓடினான். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று அவளைக் கேட்டபோது பதில் சொன்னது அவன்.

"பயத்துல முன் பிரேக்க அழுத்திட்டா சார்."

நான் பிரேக்கைத் தொடவே இல்லை என்றாள் நிரஞ்சனா. அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "பதட்டத்துல உனக்கு ஞாபகம் இருக்காதும்மா."

மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவன் அதையே சொன்னான். முன் பிரேக். அவளுடைய அம்மாவிடம் சொன்னான், தலைமை ஆசிரியையிடம் சொன்னான், பக்கத்து வீட்டில் சொன்னான். கேட்டவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்து, இந்த வயசில் உனக்கெதற்கு இதெல்லாம் என்கிற மாதிரி தலையாட்டினார்கள். முதலில் மறுத்துப் பார்த்தாள். பிறகு வலி மாத்திரை கொடுத்த அசதியில் மறுப்பதை விட்டுவிட்டாள்.

கட்டோடு வீட்டில் இருந்தபோது ஒருநாள் ஒரு பார்சல் வந்தது. சாயங்காலம் அபிஜித் வராந்தாவில் தன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் புது டயர் மாட்டிக்கொண்டிருந்தான். ஓரத்தில் கொட்டை வைத்த நாற்பது. அவள் தேர்ந்தெடுத்த அதே டயர். திடீரென்று எதற்கு என்று கேட்டாள்.

அவன் நிமிரவில்லை. "அன்னிக்கு அந்த எடத்துல எனக்கும் ஒரு இழு இழுத்துச்சு. கால ஊனி எப்படியோ தப்பிச்சேன். அந்த டயர் ஜல்லிக்குச் சரிப்படாது."

வானிலை சொல்வது போலச் சொன்னான். நிரஞ்சனா கதவில் சாய்ந்து நின்றாள். அவன் சொன்னது அவன் காதிலேயே இப்போது விழும், விழுந்ததும் நிமிர்ந்து பார்ப்பான் என்று காத்திருந்தாள். அவன் டயருக்குள் ஊற்றுகிற மருந்து பாட்டிலைக் கொஞ்சம் குலுக்கித் தரச் சொன்னான். இடது கையால் குலுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கோஷ்டி அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்தது. வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு, என்ன சார் அகலத்துக்கு மாறிட்டீங்க என்று ஜெபகுமார் கேட்டான். அவனும் டயர் வாங்குகிற யோசனையில் இருந்தான். அபிஜித்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதி தார் பாதி கிராவல் என்றால் நாற்பதுதான் என்றான். கல்லு கணக்காகக் காற்றடித்தால் டயர் குதிக்கும், குதிக்கிற நேரமெல்லாம் வேஸ்டு என்றான். "ரோட்டு மேலயே ஒட்டிக்கினு போவணும்பா, அதான் விஷயம்." எல்லாம் அனுபவத்தில் வருவது என்றும் சொன்னான்.

காபி டம்ளரை வைத்துக்கொண்டு அம்சா நிரஞ்சனாவையே பார்த்தாள். ஸ்டாஃப் ரூமில் இதே வார்த்தைகளை அவளிடமும் நிரஞ்சனா சொல்லியிருக்கிறாள்.

நிரஞ்சனா குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு அந்த வளைவுல இவருக்கும் வழுக்குச்சாம், ஜெபகுமார். முந்தாநாள்தான் சொன்னாரு. நான் பிரேக் புடிக்கல."

ஜெபகுமார் டம்ளருக்குள் பார்த்தான். ஆமாமா, எல்லாருக்கும் வழுக்கத்தான் செய்யும், பேலன்ஸ் பண்ணத் தெரியணும் என்று அபிஜித் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, நாலு பேர் முன்னால் என்னை அசிங்கப்படுத்திட்டே என்றான். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான், ராத்திரியெல்லாம் கண் விழித்தவன் நான் என்றான். எல்லாம் உண்மைதான். ஒரு வாரம் அவன் அவளோடு பேசவில்லை. வீட்டில் காயம்பட்டவன் அவன்தான் என்கிற மாதிரி ஆயிற்று. கடைசியில் அவள்தான் போய்ப் பேசினாள்.

கட்டுப் பிரித்தார்கள். கை முழுதாக மடங்கவில்லை, பயிற்சி செய்தால் வரும் என்றார் டாக்டர். உன் சைக்கிளுக்கும் நாற்பதையே போட்டுவிடட்டுமா என்று அபிஜித் ஒருநாள் பெரிய மனதோடு கேட்டான். வேண்டாம் என்றாள்.

அவள் சைக்கிளையே மறந்துவிட அம்சா விடுவதாக இல்லை. ஒரு சனிக்கிழமை பள்ளி விட்டதும் தன் சைக்கிளைக் கொடுத்து, பாலாற்றுப் பக்கம் போகிற மண் பாதையில் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள் அக்கா என்றாள். அதில் அகலமான டயர். காற்றும் அளவாக இருந்தது. நிரஞ்சனா ஏறி உட்கார்ந்தாள். தார் முடியும் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. காற்று முகத்தில் பட்டது, சிரிப்புகூட வந்தது. பாதை திரும்பும் இடத்தில் கொஞ்சம் உதிரிக் கற்கள் கிடந்தன. அதைக் கண்டதும் அவள் விரல்கள் தாமாகவே முன் பிரேக்கைப் பிடித்து நெரித்தன.

சைக்கிள் உலுக்கி நின்றது. விழவில்லை. காலை ஊன்றி நின்று தன் கையையே பார்த்தாள். இந்தக் கை அன்று பிரேக்கைத் தொடவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இத்தனை பேரிடம் இத்தனை தடவை அவன் சொன்னது கையில் இறங்கிவிட்டது.

நாள் ஆகும் அக்கா, சரியாயிடும் என்றாள் அம்சா. நிரஞ்சனா இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தார் ரோட்டுக்குத் திரும்பி நடந்தாள்.