தப்பு மிஸ்

என் புரோகிராமிங் வகுப்பின் ஒவ்வொரு புதிய பேட்சிலும் இரண்டாம் வாரம் நான் ஒரு தப்பு செய்வேன். ஒரே தப்பு, பாடத்தின் ஒரே இடத்தில்.

அதுவரை எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். மேற்கோள் குறிகளுக்குள் போட்டால் அது ஸ்ட்ரிங், எழுத்துகளை வரிசையாகக் கோத்த சரம் என்று சொல்லியிருப்பேன். அதன் நீளத்தைக் கேட்கலாம், நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம், இரண்டு சரங்களை ஒட்டலாம். எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கும் புரிவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது பாடம் நடத்துகிற எவருக்கும் தெரியும். அப்புறம் பெரிய திரையில் 'திங்கட்கிழமை எனக்குப் பிடிக்கும்' என்று எழுதி, அதற்கு வாக்கியம் என்று பெயர் வைப்பேன். அடுத்த வரியில் 'பிடிக்கும்' என்பதைப் 'பிடிக்காது' என்று மாற்றச் சொல்லும் கட்டளை. அதற்கும் அடுத்து, வாக்கியத்தைக் காட்டு. ரன் செய்தால் திரையில் 'திங்கட்கிழமை எனக்குப் பிடிக்கும்' என்றே வரும்.

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி ரன் செய்வேன். மறுபடியும் பிடிக்கும். "மிஸ், அதுக்கு நிஜமாவே பிடிக்குது போல" என்பான் ஒருவன். "எங்க வீட்டுக்காரர் மாதிரிதான் மிஸ், எவ்வளவு சொன்னாலும் மாறாது" என்பாள் இன்னொருத்தி. நான் உதவ மாட்டேன். அந்த நேரத்தின் மௌனம்தான் என் பாடம். கொஞ்சம் பொறுத்தால் யாராவது ஒருத்தி நிமிர்ந்து உட்காருவாள். விஷயம் இதுதான்: பழைய சரம் மாறவே மாறாது. கம்ப்யூட்டர் புதிதாக ஒரு சரத்தை எழுதி நம்மிடம் நீட்டியது. அதை வாங்கி ஒரு பெயரில் வைக்க நமக்குத் தோன்றவில்லை. அது கேட்பாரற்றுப் போய்விட்டது. இதை நானே சொன்னால் குறித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். அவர்களே கண்டுபிடித்தால், அதுவும் மிஸ்ஸின் தப்பைக் கண்டுபிடித்தால், சாகும்வரை மறக்க மாட்டார்கள். பேட்ச் முடிகிற நாளில்தான் அது தெரிந்தே செய்தது என்று சொல்வேன். 'தப்பு மிஸ்' என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். வீட்டில் யாரும் எனக்குச் செல்லப்பெயர் வைத்ததில்லை. இந்தப் பெயரை நான் ரகசியமாக விரும்பினேன்.

என் தங்கையை அந்தப் பயிற்சி மையத்தில் ஆசிரியையாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். புருஷனோடு ஒத்துப்போகாமல் இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். படித்தவள். கை வேலை செய்தால் மனம் தானாக எழும் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒவ்வொரு பாடமாக நடத்திக் காட்டினேன். இந்தத் தப்பையும்தான். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள், அதை மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். "அவ்வளவு நேரம் முட்டாள் மாதிரி நிக்க என்னால முடியாதுக்கா. ஏற்கெனவே நின்னு முடிச்சாச்சு." அன்றைக்கு அதைக் கேட்டு இருவருமே சிரித்தோம்.

மையம் ஒரு குளியலறைச் சாமான் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. குழாய்களும் கண்ணாடித் தொட்டிகளும் மின்னுகிற வாசலைத் தாண்டித்தான் மாடிப்படி. மையத்தை நடத்துகிறவர், டைரக்டர் என்று நாங்கள் அழைப்பவர், என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். புரோகிராமிங் தெரியாது, ஆட்களை எடை போடத் தெரியும் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கிளைகளை ஒன்றாக்கப் போவதாகவும், ஆரம்பநிலை வகுப்புக்கு இனி ஒரு ஆசிரியை போதும் என்றும் பேச்சு இருந்தது. எங்கள் இருவரில் ஒருத்தி. வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒருநாள் காலை டைரக்டர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். வகுப்புகளின் பின்சுவரில் கேமரா பொருத்தியிருந்தார்கள். சத்தம் பதிவாகாத அந்தப் பதிவுகளை அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தங்கையின் வகுப்பு தண்ணீர் மாதிரி போகிறதாம். என்னுடையதில் ஓரிடத்தில் நான் தடுமாறி நிற்கிறேனாம், பிள்ளைகள்தான் திருத்துகிறார்களாம்.

"ஒரு தடவைன்னா பரவால்ல மேடம். மூணு பேட்ச்லயும் அதே தப்பு. முதல் தடவையே திருத்திக்க வேண்டாமா? பசங்க பேரே வெச்சிருக்காங்களாமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்து சொல்லப் போனேன். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தினார். என் தங்கையிடம் விசாரித்தாராம். அக்காவுக்குக் கொஞ்ச நாளாகக் கவனம் சரியில்லை, தூக்கமில்லை, சாவியை வைத்த இடம் மறந்துபோகிறது, ஒருநாள் அடுப்பை அணைக்காமலே கிளம்பி வந்துவிட்டார் என்று சொன்னாளாம். அக்கறையாகத்தான் சொன்னாளாம், கண்கூடக் கலங்கிவிட்டதாம்.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என் நாக்கைக் கட்டிப்போட்டது. மாதவிடாய் நிற்கிற வயதுக்கு என் உடம்பு வந்து சேர்ந்தபோது, கணவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, முன்னறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவளிடம் மட்டும் சொன்னவை அவை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். இப்போது இந்த அறையில் ஒவ்வொன்றாக மேசைமீது கிடந்தன. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது: உண்மையிலேயே தெரிந்துதான் செய்கிறேனா, அல்லது தப்பு செய்துவிட்டு அதற்கொரு கதை கட்டிக்கொண்டிருக்கிறேனா? தெரிந்தே செய்தேன் என்று இப்போது சொன்னால், விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதையாகத்தான் கேட்கும்.

மத்தியான வகுப்புக்கு வந்து உட்காரச் சொன்னேன். புதிய பேட்ச், அதே பாடம். பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். கண்ணால் பார்க்கிறவனுக்கு விளக்கம் எதற்கு என்கிற அகம்பாவம். அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் தங்கை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரே சுருளாக எடுப்பாள், சின்ன வயதிலிருந்தே. எதிரில் உட்கார்ந்து, நான் அதைத் தெரிந்துதான் செய்கிறேன் என்பது இந்தக் கட்டடத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். பழைய மாணவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் தேடிப் போய், நான் முட்டாளில்லை என்று வந்து சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது?

அவள் ஒரு சுளையை என் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு மாமா சம்பளம் இருக்கு. வீடு இருக்கு. நான் இன்னும் எத்தனை நாளைக்கு உன் முன்னறையில கிடக்கணும்?"

"அதுக்கு என் அடுப்பும் சாவியும்தான் கிடைச்சுதா உனக்கு?"

அவள் அடுத்த சுளையைப் பிரித்தாள். மாமா சம்பளம் இருக்கிறது. அந்தச் சம்பளம் வருகிற வீட்டில் என் வேலைக்குச் 'சும்மா போயிட்டு வர்றது' என்று பெயர். ஒரு அறையில் பத்துப் பதினைந்து பேர் என் வாயைப் பார்த்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் மற்ற நேரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இதை எப்படி அவள் தேவையோடு தராசில் வைப்பது? அவளுக்கு இருக்க இடம் வேண்டும். எனக்கு இருப்பதாகத் தெரிய வேண்டும். எழுந்தபோது, நீயும் மத்தியானம் வா, அவர் கேட்டால் உண்மையைச் சொல், அது போதும் என்றேன். வருவதாகத் தலையாட்டினாள்.

வந்தாள். கதவருகே சுவரில் சாய்ந்து நின்றாள். டைரக்டர் கடைசி வரிசையில், கேமராவுக்குக் கீழே உட்கார்ந்தார். நான் வாக்கியத்தை எழுதினேன். மாற்றும் கட்டளையை எழுதினேன். ரன் செய்தேன். திங்கட்கிழமை எனக்குப் பிடிக்கும்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடி ரன் செய்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். முதல் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் புருவம் நெரிந்தது. அவள் உதடு மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. இரண்டாவது வரியில் தயங்கியது. வந்துவிட்டாள், இன்னும் ஒரு எட்டுதான் என்று எனக்குத் தெரிந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். டைரக்டரும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். நாற்காலி கிறீச்சிட முன்னால் குனிந்தார். அவர் முகம் திறந்தது.

"மேடம், மாத்தினதை நீங்க எதுலயும் வாங்கி வைக்கலையே!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். அந்த ஒளிக்காகத்தான் இத்தனை வருஷம் முட்டாள் மாதிரி நின்றிருக்கிறேன். புரோகிராமிங்கில் ஒரு வரியும் அறியாதவர், தானாகவே கண்டுபிடித்துவிட்டார். என் பாடம் இவ்வளவு கச்சிதமாக யாரிடமும் வேலை செய்ததில்லை.

"தெரிஞ்சேதான் சார் அப்படி விட்டேன். நீங்களே கண்டுபிடிக்கணும்னுதான்."

சொல்லும்போதே என் காதுக்கே அது சமாளிப்பாகக் கேட்டது. நடு வரிசையில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. பெருந்தன்மையாக, எல்லாருக்கும் வருவதுதான், பரவாயில்லை என்றார். தனக்கே தெரிந்த ஒன்று இவளுக்குத் தெரியவில்லையே என்கிற இரக்கம் அவர் குரலில் இருந்தது. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, என் தங்கையிடம் கேட்டார்: "நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள், தலைகுனியவில்லை. அதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். குனிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடந்து வந்து என் தோளில் கை வைத்தாள்.

"நீ கொஞ்சம் உட்காருக்கா. மீதியை நான் பார்த்துக்கறேன்."

கை இதமாக இருந்தது. வகுப்பு மொத்தமும் அவளை அன்போடு பார்த்தது. கண்ணாடிப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கால்கள் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன. வெளியே போயிருக்கலாம். கத்தியிருக்கலாம். மேடையில் நிற்கப் பழகியவள், இறக்கிவிட்டதும் உட்கார இடம் தேடுகிறாள், அவ்வளவுதான்.

தங்கை இரண்டாவது வரியை அழித்தாள். முன்னால் ஒரு பெயரும் சமக்குறியும் போட்டு, அதே கட்டளையை மறுபடி எழுதினாள். மூன்றாவது வரியில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். ரன் செய்தாள். திங்கட்கிழமை எனக்குப் பிடிக்காது. டைரக்டர் எழுந்து, அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அறை முழுக்கக் கீபோர்டுச் சத்தம். எல்லாருக்கும் சரியாக வந்தது. அவள் அடுத்ததற்குப் போனாள்.

பக்கத்துப் பெண்ணைப் பார்த்தேன். நெரிந்திருந்த புருவம் வழவழவென்று ஆகியிருந்தது. அவள் திரையிலும் விடை சரியாக இருந்தது. வரிக்கு முன்னால் அந்தப் பெயர் எதற்கு என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியலையே மிஸ். அவங்க போட்டாங்க, நானும் போட்டேன்."

பிறகு நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் கௌரவத்தைக் காப்பாற்றுகிற மாதிரி, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பார்த்து எழுதிக்கோங்க."