மேனேஜர் நீந்திக் காட்டிய மாலை

விடுதிச் சமையலறையில் மீன் வெட்டுபவள் அன்று மாலை குடல், செவுள், ரத்தத் தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் வழித்துப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். கடலில்தான் கொட்ட வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு.

அந்த உத்தரவுதான் அவள் குடும்பத்தின் தலையில் மண்ணைப் போட்டது. விடுதியில் படகோட்டிய அவள் கணவன், போன வருஷம் பொழுது சாயும் நேரத்தில் அதே துறையடியில் குளிக்க இறங்கினான். கழிவுக்கு வந்து பழகிய சுறா அவன் இடது காலைக் கொண்டுபோய்விட்டது. மேனேஜர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு இறங்கினால் சுறா என்ன செய்யும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதனுக்குக் குடிகாரன் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அவன் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டான்.

அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள். வாளியைக் கவிழ்த்தது தன் கைதானே என்ற நெருப்பு வேறு. அதன்பின் கழிவை யாருக்கும் தெரியாமல் விடுதிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்து வந்தாள். அன்று காலை மேனேஜர் அதைக் கண்டுபிடித்து, தோட்டம் நாறுகிறது, கடலில் கொட்டாவிட்டால் வேலை கிடையாது என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்.

துறைக்கு வந்தால், கீழே நீந்திக்கொண்டிருந்தது அவரேதான். போன வருஷத்துக் கதையைக் கேள்விப்பட்டு, விடுதியில் தங்க வந்தவர்கள் சுறா பயத்தில் கிளம்பப் பார்த்தார்களாம். பயமே வேண்டாம் என்று காட்ட இறங்கியிருந்தார். அவர்கள் துறையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வாளி அவள் கையில் சாய்ந்தது. உத்தரவுப்படி கொட்டினேன் என்று சொல்லிவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? ரத்தத் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டது. ஆனால் இந்த ஆள் செத்துவிட்டால், தன் புருஷன்மேல் விழுந்த பேரை எந்த வாய் திரும்ப எடுக்கும்? வாளியை நிமிர்த்தினாள்.

"சார், மேல ஏறுங்க. நீங்க சொன்ன வேலைய நான் செய்யணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறி வந்தார். அவர் கண்ணெதிரே வாளியை மொத்தமாகக் கவிழ்த்தாள். சற்று நேரத்தில் சாம்பல் நிற முதுகு ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. வால் அடித்த அடியில் தண்ணீர் பலகைவரை தெறித்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப சொல்லுங்க. என் புருஷன் குடிச்சிருந்தாரா?"

"இல்ல," என்றார் மேனேஜர்.

"எல்லாருக்கும் கேக்கணும்."

"குடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் மனம் கொஞ்சம்கூட இளகவில்லை. நாளைக்கு வீட்டு வாசலில் வந்து அவன் முகத்தைப் பார்த்து இதையே சொல்ல வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு அவள் வேடிக்கை பார்த்து நின்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"மீன் கழிவு கொட்டுற எடத்துல யாரும் எறங்காதீங்க. பொழுது சாஞ்சா எந்த எடத்துலயும் எறங்காதீங்க. என் புருஷனக் கடிச்சது சுறா. அதக் கூப்பிட்டது நானும் இவரும். குடிகாரன்னு பேர் வச்சது மட்டும் இவர்தான்."