இரண்டு நாலும் ஒரு வெள்ளிக்கிழமையும்

அந்தச் சலவைக்கூடத்தில் யார் லீவு கேட்டாலும் மேனேஜர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான். யாருன்னு நீங்களே அடிச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க."

அடித்துக்கொள்வதற்குப் பதில் அவர்கள் போக்கர் ஆடினார்கள். ஆஸ்பத்திரிச் சட்டைகளிலிருந்து கழன்று விழும் பொத்தான்கள்தான் பந்தயம். எல்லாப் பொத்தானும் யாரிடம் சேர்கிறதோ, லீவு அவருக்கு. விதிகள் இரண்டு. லீவு எதற்கென்று மேசையில் வாய் திறக்கக் கூடாது. முன்பு ஆளாளுக்குக் காரணம் சொல்லி அழுது, சாப்பாட்டு நேரமே எழவு வீடாகியிருந்தது. ஜெயித்த லீவை யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. அதை அனுமதித்தால் கெஞ்சுகிறவன் ஆடாமலே ஜெயித்துவிடுவான்.

இஸ்திரிக்காரனுக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். அவனைப் பிரிந்துபோன மனைவி அன்று காலை பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குக் கிளம்புகிறாள். சொல்லாமல் வேலைக்கு மட்டம் போட்டால் சீட்டுக் கிழியும். நிலையான வேலை இருக்கும்வரைதான் விடுமுறைக்கு மகளை அவனிடம் அனுப்பலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் இப்போது பார்க்க முடியாது. போனால் இனி எப்போதும் பார்க்க முடியாது.

மற்றவர்கள் எல்லாரும் தோற்று எழுந்துவிட, எதிரே மிச்சமிருந்தது உலர்த்தும் மெஷினில் வேலை பார்க்கும் அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி. அவனுக்கும் அதே வெள்ளிக்கிழமை. வழியனுப்ப அக்காவுக்கு வேறு ஆளில்லை. இருவரும் பேசி ஒரு வருஷம் ஆகிறது.

"என்னப்பா, ரெண்டு பேரும் இப்படி உர்ருன்னு இருந்தா சீட்டுக்கே பயமா இருக்காதா?" என்றபடி பாய்லர் பார்க்கும் அக்கா சீட்டைக் கலைத்தாள். "தம்பி, உன் மூஞ்சிக்கும் கொஞ்சம் இஸ்திரி போடு."

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து வைத்தாள். நடுவில் வரப்போகும் ஐந்து சீட்டு இருவருக்கும் பொது. இஸ்திரிக்காரன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு நாலு, இரண்டும் கறுப்பு. ஜோடிதான், ஆனால் நோஞ்சான் ஜோடி.

"மொத்தமும்," என்று மச்சான் பொத்தான் குவியலை நடுவில் தள்ளினான். அவன் குவியல் பெரியது; ஆனால் இருவரும் மொத்தத்தையும் தள்ளினால் ஜெயிக்கிறவனுக்கே எல்லாம் என்பது அந்த மேசையின் வழக்கம்.

இஸ்திரிக்காரனிடம் ஒரு கைப்பிடிகூட இல்லை. இதை விட்டால் அடுத்தடுத்த ஆட்டத்தின் நுழைவுப் பொத்தானுக்கே அதுவும் கரைந்துவிடும். எதிரி ஜோடி இல்லாமல் இரண்டு பெரிய சீட்டு வைத்திருந்தால் பாதிக்குப் பாதி. முங்கிப் போகிறவனுக்குப் பாதிக் கட்டையும் கட்டைதான்.

"நானும்."

திருப்பினார்கள். மச்சானிடம் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராஜா, ஆட்டின் ராணி. இந்த நிமிஷத்தில் ஜெயிப்பது நாலுதான். இப்படியே உலகம் நின்றுவிடக் கூடாதா என்று இஸ்திரிக்காரனுக்குத் தோன்றியது. இனி ஒரு சீட்டும் வராமல், அக்காவின் கை அப்படியே கல்லாகி.

அக்கா நடுவில் மூன்று சீட்டைப் போட்டாள். ஆட்டின் ஒன்பது, ஆட்டின் இரண்டு, கிளாவர் ஜாக்கி.

"போச்சு போ," என்றாள் அக்கா, யாருக்கென்று சொல்லாமல்.

அவன் மனதுக்குள் எண்ணினான். இன்னொரு ஆட்டின் வந்தால் மச்சானுக்கு ஐந்தும் ஒரே ஜாதி. ராஜா வந்தாலும் ராணி வந்தாலும் பெரிய ஜோடி. பத்து வந்தால் வரிசை. தன்னைக் கொல்லும் சீட்டு மட்டும் பதினெட்டு. முன்னால் ஓடுகிறவன் அவன்தான். ஆனால் பின்னால் வரும் நாய்கள் பதினெட்டு.

நான்காவது, இஸ்பேடு ஏழு. மூச்சு வந்தது. மீதி நாற்பத்து நான்கு சீட்டு. இருபத்தாறு அவன் பக்கம். பாதிக்கு மேல்! அவன் கால்கள் ஏற்கெனவே பஸ் நிலையத்தில் ஓடின. ஒரு சின்னக் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது.

"கடைசி," என்றாள் அக்கா.

டைமண்ட் ராணி.

மச்சான் நடுவிலிருந்த பொத்தான்களை இரண்டு கையாலும் மெல்ல வாரினான், ஏதோ உடைந்ததைப் பொறுக்குகிறவன் மாதிரி.

"நல்லாத்தான் ஆடினே தம்பி. சீட்டு சரியில்ல," என்று அக்கா எழுந்து பாய்லர் பக்கம் போனாள். அவளுக்குக் காரணம் தெரியாது. தெரிந்திருந்தால்கூட ஒன்றும் மாறியிருக்காது.

மச்சானும் எழுந்தான். இஸ்திரிக்காரன் சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்தான்.

"மச்சான். ஒண்ணே ஒண்ணு."

"விதி தெரியும்ல மாமா. நான் குடுக்க நெனச்சாலும் முடியாது."

"லீவைக் கேக்கலடா. பாப்பாவுக்கு பஸ்னா குமட்டும். பாதி வழிக்கு மேல தாங்க மாட்டா. ஏத்தி விடும்போது ஜன்னல் ஓரமா உக்கார வை. ஒரு எலுமிச்சம்பழம் கையில குடு. மோந்துக்கிட்டே இருந்தா சரியாயிடும்."

மச்சான் கையிலிருந்த பொத்தான்களைப் பார்த்தான்.

"இப்பல்லாம் குமட்டுறதில்ல மாமா," என்றான். "ரொம்ப நாளாச்சு. அவளே முன்சீட்டு கேட்டு உக்காந்துக்குறா."

இஸ்திரிக்காரன் பிடியை விட்டான். "அப்படியா," என்றான். இன்னொரு முறையும், "அப்படியா." பிறகு வேலைக்கு மணி அடித்தது. அவன் போய் ஈரப் போர்வை ஒன்றை இழுத்து விரித்து, அதன் மேல் இயந்திரத்தின் சூடான தகட்டை இறக்கினான். ஆவி எழும்பி முகத்தை மூடியது. தகட்டைத் தூக்க வேண்டிய நேரம் கடந்தும் அவன் தூக்கவில்லை.